அகவையும் படிப்பும்

அகவை ஐம்பதைக் கடந்தோர் சிலர், எஞ்சிய காலத்தில் எத்தனை நூல்களைப் படித்து முடிக்கலாம் எனக் கணக்கிடுகின்றனர். அக்கணக்கே பிழையானது. அதனை இளமையிலேயே உணர நேர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். 1880இல் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியாரிடம், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அவர் அடுக்கிக் கூறினார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார் முதலியார். படித்ததில்லை.

பின்னர் ஏட்டை எடுத்தபோது சமணக் கோட்பாடு விளங்கவில்லை. சைவ மடத்தில் பயின்றவர், கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்துகொண்டே, அவ்வூர்ச் சமணரிடம் கேட்டுத் தெளிந்தார். 'அறியேன்' என்று கூற ஓர் ஆசிரியருக்கு எத்துணைத் துணிவு வேண்டும்! பதிப்பு வெளிவர 1887 ஆயிற்று. அதன்பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எனப் பணி பெருகியது. எனினும் 1907இல், தமது ஐம்பத்திரண்டாம் அகவையில், சிந்தாமணிக்கே மீண்டு வந்து இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்.