பத்தும் ஆயிரமும்

மொழியை இழந்தவன் மரபையும் இழந்தவனா? திருவிழாவிற்குக் கூடியுள்ள அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்கத் தக்க வினா இது. கடல் கடந்து குடியேறியோரின் பிள்ளைகளைக் கண்டு, ‘இவர்கள் பெயரளவில் தமிழர்’ என்று நம்மிற் பலர் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பு முறையாகுமா?

தென்னாப்பிரிக்காவை நோக்குவோம். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையினின்று புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,000க்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டால் சென்றனர். கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். தமிழர் அவர்களுள் மிகப் பலர். இன்று அவர்தம் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் இல்லங்களில் வழங்குவது ஆங்கிலமே. ஆயினும், புரட்டாசி பிறந்ததும் புலால் விலக்கிப் பெருமாளை நினைந்து விரதம் காக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். முன்னோர் ஒருவரின் ‘பெருமாள்’ என்னும் பெயரே குடும்பப் பெயராய் நிலைத்த வீடுகளும் உண்டு. தமிழெழுத்து அறியாத சிறுவன், பள்ளியில் தன் பெயரைச் சொல்லுந்தோறும் எம்பெருமான் திருநாமத்தைச் சொல்கிறான்!

‘எஞ்சியது இவ்வளவுதானே?’ என்பர் சிலர். எஞ்சியதன் பெருமையை நம் குருபரம்பரை வரலாறே உணர்த்தும். வீரநாராயணபுரத்தில் நாதமுனிகள் வாழ்ந்த காலத்தில், யாத்திரிகர் சிலர் குடந்தைப் பெருமானைப் போற்றும் திருவாய்மொழிப் பாசுரங்களைச் சேவித்தனர். இவை ஆயிரத்துள் ஒரு பத்து என்னும் குறிப்பு அப்பதிகத்தின் முடிவிலேயே இருந்தது. மற்றவை வருமோ என வினவினார் முனிகள். அறியோம் என்றனர் அவர்கள். அந்தப் பத்தே தேடலைத் தூண்ட, திருக்குருகூர் சென்று நம்மாழ்வார் அருளால் நாலாயிரமும் பெற்றார் என்பது பெரியோர் வாக்கு. பத்து மட்டும் அறிந்தோரை அவர் இகழ்ந்து அனுப்பியிருந்தால், நமக்கு ஆயிரம் ஏது?

இதனால், பத்தே போதும் என்று அமைந்துவிடலாகாது. பத்தைப் பத்தென்று அறிந்தவரையில் ஆயிரத்திற்கு வழியுண்டு. அதுவே முழுமை என்று எண்ணிய அன்று வழி அடைபடும். காரணம் அறியாது கைக்கொள்ளும் விரதம் நாளடைவில் சுமையாகும். சுமையை எவரும் ஒருநாள் இறக்கி வைப்பர். தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பேணி மதிக்க வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. சட்டம் காப்புத் தரலாம். பொருள் சொல்லித் தருவது வீட்டாரின் கடன். ‘ஏன் இந்த விரதம்?’ என்று பிள்ளை கேட்டால் அதட்டுதல் தகாது. அது நாதமுனிகள் கேட்ட கேள்வியின் இனத்தைச் சேர்ந்தது.

உள்ளூரில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் பத்துப் பாசுரங்களைப் பொருளுணர்ந்து சேவிக்க வல்லர்? அயல்நாட்டினின்று வந்த இளைஞர் ஒருவர் சந்நிதியில் சொல் தடுமாறி நிற்கக் கண்டால் நகையாதிருப்போம். அறிந்ததை அன்போடு எடுத்துரைப்போம். தம்மிடம் எஞ்சிய பத்தைக் காத்துக் கொண்டுவந்தவர் அவர். மற்றவை எங்கே என்று அவர் கேட்கும்போது விடை கூறும் தகுதியை நாம் தேடிக்கொள்வதே இத்திருநாளில் செய்யத்தக்க பாகவத கைங்கரியம்.