இரண்டாவது தோட்டாவின் பொறுப்பு

உயிரைப் பறிக்கும் கருவியொன்றைத் தேர்ந்தெடுப்பவர், அதன் விலையையும் அழகையும் எண்ணிப் பார்ப்பதற்கு முன், அது தவறும் நொடியில் துன்புறப்போவது யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உழவன் கையில் மண்வெட்டி முறிந்தால் அன்றைய வேலை நின்றுபோகும்; வேட்டைக்காரன் கையில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால், அரைகுறையாய் அடிபட்ட விலங்கு புதருக்குள் புகுந்து விடியும்வரை வலியோடு கிடக்கும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டையை விலக்கிவிட்டதால், இது நமக்கு அயலான செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், வேட்டையை ஒழிக்காமல் ஒழுக்கத்துக்குள் அடக்க முயன்ற நாடுகளின் வழக்கம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அவற்றுள் முதன்மையானது ஜெர்மனி.

அங்கே பொருள் படைத்தவர் என்பதனாலேயே ஒருவர் துப்பாக்கியோடு காட்டுக்குள் நுழைந்துவிட இயலாது. எழுத்திலும் வாய்மொழியிலும் சுடுதளத்திலும் நடைபெறும் கடுந்தேர்வில் தேறியவருக்கே உரிமம் கிட்டும். தலைமுறைகள் போற்றிவந்த வேட்டையற நெறிகளைப் பின்பற்றுமாறு பணிக்கும் அந்நாட்டுச் சட்டம், காயமுற்ற விலங்கைத் தவிர்க்கத்தக்க துன்பத்தினின்று விரைந்து விடுவிப்பதையும் கடமையாக்கியிருக்கிறது. சிறிய ரோ மானைச் சுடும் தோட்டா 100 மீட்டர் தொலைவில் 1000 ஜூல் ஆற்றலேனும் கொண்டிருக்க வேண்டும். செம்மான், காட்டுப்பன்றி போன்றவற்றுக்கு 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 2000 ஜூல் ஆற்றலும் குறையாதிருக்க வேண்டும். வீழ்ந்த விலங்கின் வாயில் ஒரு தழைக்கொம்பைக் கடைசி உணவாக வைத்து வணங்கும் வழக்கத்தை அந்நாட்டு வேடர்கள் இன்றும் கைவிடவில்லை. கொல்வதற்கும் ஒரு வரம்பு உண்டு என்று நம்பிய மக்களின் ஏற்பாடுகள் இவை.

இத்தகைய வரம்புகளுக்குள் வேட்டையாடுவோர் அரைத் தானியங்கித் துப்பாக்கியை நாடுவதற்கு ஒரு காரணம் கூட்டு வேட்டை. அக்டோபர் தொடங்கிக் குளிர்காலம் நெடுகிலும், ஆட்களும் நாய்களும் புதர்களைக் கலைக்க, காட்டுப்பன்றிகள் மரங்களினூடே ஓடிவரும். சுடத்தக்க இடைவெளி சில நொடிகளே நீடிக்கும். குழலின் பின்புறத்தை அடைத்துப் பூட்டும் தாழைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுபவர் குறியை விட்டுக் கண்ணை எடுக்க நேரிடும். அரைத் தானியங்கியோ விசையை ஒருமுறை அழுத்தியவுடன் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1906ஆம் ஆண்டு ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வேட்டைத் துப்பாக்கியில் குழலே பின்னோக்கி நகர்ந்து இப்பணியைச் செய்தது. 1967இல் வெளிவந்த பிரௌனிங் பார் துப்பாக்கியிலும் அதன் வழிவந்த பலவற்றிலும், வெடிமருந்து எரிந்தெழும் வளியில் ஒரு பகுதி குழலிலுள்ள சிறு துளை வழியே கசிந்து, உந்துதண்டைத் தள்ளித் தாழைத் திறக்கிறது. பின்னுதைப்பின் ஒரு பகுதியை இவ்வியக்கம் விழுங்கிக்கொள்வதால் தோளில் விழும் இடியும் தணிகிறது. இடிக்கு அஞ்சிக் கண்மூடும் கைக்கு இது மெய்யான உதவி.

இவ்வசதியின் ஆபத்தைச் சட்டம் இயற்றியோர் அறியாமலில்லை. இத்துப்பாக்கியில் எத்தனை தோட்டா இருக்கலாம் என்னும் வழக்கு 2016இல் அந்நாட்டின் உயர்ந்த ஆட்சித்துறை நீதிமன்றம்வரை சென்றது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டம், மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏற்றப்பட்ட அரைத் தானியங்கியால் வேட்டையாடலாகாது என்று வரையறுத்தது. மூன்று என்பது சரியான அளவென்றே நான் கருதுகிறேன். மூன்றில் முடியாததை முப்பதில் முடிக்கலாம் என்று நம்புகிறவர் காட்டுக்குள் போகத் தகுதியற்றவர்.

இனி நம்பகத்தன்மைக்கு வருவோம். தேர்வின் பாரம் முழுவதும் இங்கேதான் இறங்குகிறது. 1898ஆம் ஆண்டின் மௌசர் தாழ் அமைப்பு நூறாண்டுகளைக் கடந்தும் மதிக்கப்படுவதற்குக் காரணம், தோட்டாவை அது முதலிலிருந்தே பற்றிக்கொண்டு செல்வதும், மனிதக் கையின் வலிமையையே நம்பியிருப்பதும் ஆகும். அரைத் தானியங்கியோ தன் வலிமையைத் தோட்டாவிடமிருந்தே கடன் பெறுகிறது. ஆகவே தோட்டா மாறினால் அதன் நடத்தையும் மாறும். ஒருவகைத் தோட்டாவோடு பிழையின்றி இயங்கும் துப்பாக்கி, குண்டின் முனை வடிவமோ மருந்தின் அளவோ வேறான இன்னொன்றில் சிக்கக்கூடும். வளி செல்லும் வழியில் கரி படிந்தால் தாழ் முழுதும் பின்வாங்காது. வெற்றுக் கூடு பாதியில் மாட்டிக்கொள்ளும். தோட்டாப் பெட்டியின் சுருள்வில் தளர்ந்தால் அடுத்த தோட்டா உரிய நேரத்தில் மேலெழாது. உறைபனியில் மிகுதியான எண்ணெய் கூழாகி இயக்கத்தைத் தடுக்கும். குளிரில் நனைந்த துப்பாக்கியை வெப்பமான வீட்டுக்குள் கொண்டுவந்து துடைக்காமல் விட்டால், படிந்த ஈரம் மறுநாள் காட்டில் பனிக்கட்டியாய் இறுகும்.

இவற்றினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. நின்றிருக்கும் இடத்தில் ஓசை எழலாகாது என்றெண்ணி, தாழைக் கையால் தாங்கி மெல்ல மூடுகிறார் ஒருவர். அவ்வாறு மூடப்பட்ட தாழ் முழுதும் பூட்டாமல் நின்றுவிடலாம். விலங்கு வரும்போது விசை அழுத்தினால் ஒன்றும் நிகழாது. சுருள்வில்லின் முழு விசையோடு மூடவிட்டு, காடு அடங்குவதற்கு முன்பே ஆயத்தமாவதுதான் முறை. முன்கூட்டி வந்து நிற்கும் பொறுமை இல்லாதவருக்கு இக்கருவி பொருந்தாது. துப்பாக்கியின் பழுதென்று பழிக்கப்படுவனவற்றுள் பல, அதை வைத்திருப்பவரின் சோம்பலாகவோ அவசரமாகவோ இருக்கக் காணலாம்.

இதைவிடக் கடினமானது மனத்தின் பழுது. அடுத்த தோட்டா ஆயத்தமாய் இருக்கிறது என்னும் எண்ணம், முதல் தோட்டாவின் மீதுள்ள கவனத்தை ஓசையின்றித் தின்றுவிடும். ஒருநாள் சற்றே ஐயத்தோடு சுட்டவர், மறு ஆண்டு ஐயமே இன்றி ஐயமான குறிகளைச் சுடுவார். பத்தாண்டுகளில் அது அவருடைய இயல்பாகிவிடும். அந்த இயல்பு காட்டோடு நிற்பதில்லை. பிழையைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்று வாழப் பழகிய கை, வீட்டிலும் தொழிலிலும் அவ்வாறே நடந்துகொள்ளும். அவருடைய பிழைக்கு விலை கொடுப்பது விலங்கு மட்டுமன்று. காயமுற்ற பன்றியைத் தேடி, ஹனோவர் மோப்ப நாயை நீண்ட வாரில் பிடித்துக்கொண்டு, முட்புதர்களுக்குள் மணிக்கணக்கில் செல்பவர் வேறொருவர். மூலையில் சிக்கிய பன்றியின் கோரைப்பல்லுக்கு முன் நிற்பது அந்த நாய். சுட்ட பின்னும் துப்பாக்கி தானே மீண்டும் ஏற்றப்பட்டு நிற்கிறது என்பதை மறந்து, பாதுகாப்புப் பூட்டை இடாமல் நடப்பவரால் தோழர்களுக்கும் ஆபத்து. குறி தப்பினாலும் குண்டைத் தாங்க மண்மேடு பின்னால் உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்க்காதவருக்கு, மூன்று தோட்டாக்கள் மூன்று தவறுகளாகவே முடியும்.

இரண்டாவது தோட்டாவுக்கு முறையான பணி ஒன்று உண்டு. முதல் குண்டு தைத்தும் வீழாத விலங்கின் துன்பத்தை அந்தக் கணத்திலேயே முடித்துவைப்பதே அது. அதற்காக அரைத் தானியங்கியை ஏற்பவர் அறத்தினின்று வழுவியவர் அல்லர். விரைவையும் கையின் கட்டுப்பாட்டையும் ஒருங்கே விரும்புவோர்க்கு, பிளேசர் நிறுவனம் 1993இலும் 2008இலும் வெளியிட்ட, தாழைத் திருப்பாமல் நேரே பின்னிழுக்கும் துப்பாக்கிகள் ஓர் இடைவழியைத் தருகின்றன. அதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தாலும், வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவை, அதே உடையில், குளிரிலும் சுடுதளத்தில் பலமுறை சுட்டுப் பாருங்கள். ஒருமுறை சிக்கினாலும் காரணம் கண்டு களையும்வரை அத்துப்பாக்கியைக் காட்டுக்குக் கொண்டுசெல்லாதீர்கள். கழற்றித் துடைக்கவும் தேய்மானம் பார்க்கவும் நேரமில்லாதவர், கையால் தாழ் இழுக்கும் எளிய துப்பாக்கியையே வாங்கட்டும்.