அறிந்த பின்னும் அஞ்சும் கால்கள்

ஆபத்து இல்லை என்பதை ஐயமற அறிந்த ஒருவருக்கும் அந்த இடத்தில் அச்சம் எழுமானால், அவ்வச்சம் அறியாமையின் எச்சமா, அல்லது அறிவு கவனிக்கத் தவறிய ஓர் உண்மையை உடல் உணர்ந்துகொண்டதன் அடையாளமா என்னும் வினா மெய்யியலில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. ஏட்டில் எழுதப்பட்ட அவ்வினாவை மனிதர்கள் தம் உடலாலேயே எதிர்கொள்ளும் இடம் ஒன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இருக்கிறது. 1932 மார்ச் 19 அன்று திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலத்தின் எஃகு வளைவு 503 மீட்டர் இடைவெளியைத் தாண்டி, உச்சியில் நீர்மட்டத்திலிருந்து 134 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. 1998 அக்டோபர் முதல், வழிகாட்டியின் துணையோடு அவ்வளைவின் மேல்விளிம்பில் ஏறிச் செல்லும் வாய்ப்பு கட்டணத்தின்பேரில் யாவருக்கும் கிடைக்கிறது.

ஏறுவதற்கு முன் நிகழும் ஆயத்தங்கள் ஒரு விரதத்தின் தொடக்கத்தை ஒத்திருப்பதைக் காண்பவர் மறுக்க இயலாது. மது அருந்தியிருக்கவில்லை என்பது மூச்சுச் சோதனையால் உறுதிசெய்யப்படுகிறது. கைப்பேசி, கேமரா, கைக்கடிகாரம், சட்டைப்பையில் கிடக்கும் நாணயம் உட்பட அனைத்தும் கீழேயே விடப்படுகின்றன. எல்லோரும் ஒரே வகைச் சீருடை அணிகின்றனர். மூக்குக்கண்ணாடி கயிற்றாலும் கைக்குட்டை மணிக்கட்டில் மாட்டிய எலாஸ்டிக் வளையத்தாலும் உடலோடு பிணைக்கப்படுகின்றன. எனினும் தலயாத்திரை செல்வோர் தம் உடைமைகளைத் துறப்பது தம் உள்ளம் தூய்மை பெறுவதற்காக. இங்கோ, நழுவி விழும் ஒரு சிறு பொருளும் கீழே சாலையில் செல்வோரின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதற்காக. முகம் தெரியாத பிறரின் பொருட்டு ஒருவர் தம் கையை வெறுமையாக்கிக்கொள்வது துறவு அன்று என்றாலும், துறவைக் காட்டிலும் தாழ்ந்தது என்றும் சொல்வதற்கில்லை.

அதன்பின் இடுப்பில் ஒரு பட்டை கட்டப்படுகிறது. அப்பட்டையிலிருந்து நீளும் குறுகிய வார் ஒன்றின் முனையிலுள்ள கொளுவி, பாதை நெடுகக் கைப்பிடியை ஒட்டிச் செல்லும் எஃகு வடத்தில் மாட்டப்படுகிறது. வடத்தைத் தாங்கும் முளைகளைக் கடக்கும்போதும் அதைக் கழற்ற வேண்டியதில்லை. புறப்படும் இடத்தில் மாட்டப்பட்டது திரும்பி வந்தபின்பே கழற்றப்படும். ஏறுபவர் கைப்பிடியை விட்டுவிட்டாலும், கால் இடறினாலும், மயங்கிச் சாய்ந்தாலும் வடம் அவரை விடாது.

இந்நிலையில் ஏறுபவரிடம் உள்ள அறிவு எத்தகையது என்பதை, நம் மரபின் அளவை நூல்கள் வகுத்த முறையிலேயே ஆராயலாம். அளவை என்பது ஒன்றை மெய் என்று நிறுவும் வழி. சைவ சித்தாந்திகள் அதனைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குவர். வடமும் பட்டையும் உறுதியாக இருப்பதை ஏறுபவர் கண்ணால் காண்கிறார். இலட்சக்கணக்கானோர் ஏறி நலமாகத் திரும்பினர் என்பதிலிருந்து தாமும் திரும்புவார் என்று கருதி அறிகிறார். தலையில் அணிந்த கேட்பொறி வழியாகச் செவியில் விழும் வழிகாட்டியின் சொல்லோ, அத்துறையில் பழுத்தவரின் உரை. மூன்று அளவைகளும் ஒன்றுபட்டு ஆபத்து இல்லை என்றே சொல்கின்றன. ஆயினும் செங்குத்தான ஏணியில், வாகனங்கள் விரையும் சாலைத்தளத்துக்கு மேலாகத் தலை எழும்பும் கணத்தில் முழங்கால் நடுங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வடத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதை நன்கறிந்த அதே மனிதர் கைப்பிடியை விரல் வெளுக்கும்படி இறுகப் பற்றுகிறார்.

இம்முரண்பாட்டை ஐரோப்பியச் சிந்தனையாளர் மூவர் வழிவழியாகக் கையாண்டுள்ளனர். பதினாறாம் நூற்றாண்டின் மோந்தேன், பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கோபுரத்திலிருந்து மெல்லிய இரும்புக் கம்பிக் கூண்டில் ஒரு மெய்யியலாளரைத் தொங்கவிட்டால், விழமாட்டோம் என்று அறிந்திருந்தும் அவர் நடுங்குவார் என்று எழுதினார். பாஸ்கல் கூண்டை நீக்கிவிட்டு, பாதாளத்தின் குறுக்கே தேவைக்கு மேல் அகலமான பலகை ஒன்றை அமைத்தார். 1739இல் ஹியூம் மீண்டும் இரும்புக் கூண்டுக்கே திரும்பினார். பாஸ்கல் இதில் பகுத்தறிவைக் கற்பனை வெல்வதைக் கண்டார். ஹியூமோ, வழக்கமாக ஒன்றையொன்று தொடரும் நிகழ்வுகளைப் பிணைத்தே பழகிய மனம், சூழ்நிலை மாறியிருந்தும் பழைய முடிவுக்கே தாவுவதைக் கண்டார். அமெரிக்க மெய்யியலாளர் தமர் கெண்ட்லர் 2008இல், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் நீட்டப்பட்ட கண்ணாடி நடைபாதையைச் சான்றாகக் கொண்டு, நம்புதல் என்பதற்குக் கீழே அதைவிடப் பழைமையான, விலங்கினத்துக்கும் பொதுவான உளநிலை ஒன்று உண்டு என்று வாதிட்டார். விளக்கங்கள் வேறுபடினும் நால்வரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: நடுக்கம் ஒரு பிழை, பொறுத்துக்கொள்ளத்தக்க பிழை, ஆனால் பிழையே.

அத்வைத வேதாந்தம் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்துசேர்கிறது. அரையிருளில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று மயங்கியவருக்கு விளக்கொளியில் கயிறு கயிறாகத் தெரிந்ததும் அச்சம் தானே அகன்றுவிடுகிறது என்பது அம்மரபு ஓயாது எடுத்தாளும் உவமை. அறிந்தும் அச்சம் அகலவில்லையே என்று வினவினால், கேட்டறிந்த மறைமுக ஞானமாகிய பரோட்சம் வேறு, நேரே உணர்ந்த அபரோட்சம் வேறு என்று விடை கிடைக்கும். ஏறுபவருக்கு வாய்த்தது முன்னதே, பின்னது வாய்த்தால் கால் நடுங்காது. இவ்விடையின் நுட்பம் போற்றத்தக்கது. ஆனால் பாலத்தின்மேல் அது பொருந்துவதில்லை. ஏனெனில் கயிற்றில் பாம்பு எக்காலத்தும் இருந்ததில்லை. பாலத்தின் அடியிலோ 134 மீட்டர் ஆழம் மெய்யாகவே இருக்கிறது. வடமும் பட்டையும் அந்த ஆழத்தைப் பொய்யாக்கவில்லை. அதற்கும் மனிதருக்கும் இடையே ஒரு தடுப்பாக நிற்கின்றன, அவ்வளவே. ஆகவே கால்கள் அஞ்சுவது இல்லாத பொருளுக்கு அன்று. ஆழம் கொல்லும் என்று அவை சொல்வதும் மெய், வடம் காக்கும் என்று அறிவு சொல்வதும் மெய். ஒன்று மற்றொன்றை மறுப்பதாகக் கொண்டதே மேற்சொன்ன ஆய்வுகளின் குறை. பாதுகாப்பான இடத்தில் நிற்பவருக்கே பேரச்சம் தரும் காட்சி இன்பமாகும் என்று 1790இல் எழுதிய ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் இவ்வுண்மையை நெருங்கினார் எனலாம். ஆனால் அவருடைய மனிதர் புயலையும் எரிமலையையும் பார்த்து நிற்பவரேயன்றி, அவற்றின் மேல் கால் வைப்பவர் அல்லர்.

இரு மெய்களும் ஒரே உள்ளத்தில் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதைத் தெளிவாக உணர்ந்தவர்கள் சரணாகதியை ஆராய்ந்த தமிழக வைணவ ஆசிரியர்கள். தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையாரின் நிலை. இதனை மர்க்கட நியாயம் என்பர். தாய் வாயால் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் போல, தன் முயற்சி ஏதுமின்றி உயிர் காக்கப்படுகிறது என்பது பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையாரின் நிலை; இது மார்ஜார நியாயம். வடத்தோடு பிணைக்கப்பட்டவர் கைப்பிடியையும் பற்றுகிறார். அப்பற்று அவரைக் காப்பதற்குத் தேவையில்லை, ஆயினும் அதை விட்டுவிட அவரால் இயலவில்லை. காப்பவன் பிடித்திருக்கும்போது காக்கப்படுபவன் பிடிப்பதற்குப் பொருள் உண்டா என்று அவ்விரு கலையாரும் நூற்றாண்டுகளாக வாதிட்டதன் உயிர்நாடி, ஏறுபவரின் அந்த ஒரு கையில் துடிக்கிறது. அதைவிடவும் கருதத்தக்கது சரணாகதியின் அங்கங்களாக அவர்கள் வகுத்தவை: காப்பான் என்னும் உறுதியான நம்பிக்கையாகிய மகாவிசுவாசமும், தன்னால் ஒன்றும் இயலாது என்னும் கையறு நிலையாகிய கார்ப்பண்யமும் அப்பட்டியலில் அருகருகே இடம்பெறுகின்றன. நம்பிக்கை வந்ததும் கையறு நிலை நீங்கிவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தே அடைக்கலம் ஆகிறது என்றார்கள்.

ஆயினும் இந்த ஒப்புமையை நெடுந்தொலைவு இழுத்துச் செல்வது அடைக்கலத்தின் பெருமையைக் குறைப்பதாகும். எஃகு வடத்துக்கு அருள் இல்லை, வாக்கு இல்லை. ஏறுபவர் யார் என்று அதற்குத் தெரியாது. பொருளின்மேல் வைப்பது எதிர்பார்ப்பு. நம்பிக்கை வைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். பாலத்தின்மேல் அந்த ஆள் வடத்துக்குப் பின்னால் நிற்கும் மனிதர்களே: பட்டையைக் கட்டிச் சரிபார்ப்பவர், வடத்தை ஆய்ந்து பார்ப்பவர், 1932 பிப்ரவரியில் 96 நீராவி எஞ்சின்கள் வரை தளத்தின்மேல் நிறுத்திப் பாலத்தின் வலிமையைச் சோதித்த பொறியாளர்கள். நம்பப்படுபவரின் சுமை எத்தகையது என்பதற்கு அந்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. நடு ஆஸ்திரேலியாவில் 348 மீட்டர் உயரத்துக்கு எழும் உளுரு என்னும் பாறை, அதன் மரபுரிமையாளரான அனங்கு மக்களுக்குப் புனிதமானது. அதன்மேல் ஏறி முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் உயிரிழந்தனர். தம் நிலத்துக்கு வந்த விருந்தினரின் சாவுக்குத் தாமும் பொறுப்பு என்று அம்மக்கள் துயருற்று, ஏற வேண்டாம் என்று பல்லாண்டுகள் வேண்டினர். 2019 அக்டோபர் 26 அன்று அந்த ஏற்றம் நிலையாக மூடப்பட்டது. பாறையின் புனிதமும் வந்தவரின் உயிரும் அவர்களுக்கு இரு வேறு கவலைகளாக இருக்கவில்லை. வழிகாட்டி என்னும் சொல்லுக்கு இதைவிட ஆழமான பொருள் தேடுவது அரிது.

சிட்னி பாலத்தில் அறுபது இலட்சம் ஆணிகள் உள்ளன. இருபுறமும் தலை கொண்டு தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் எனப்படும் ஆணிகள் அவை. உலையில் செந்தணலாகக் காய்ச்சப்பட்ட ஆணியை ஒருவர் இடுக்கியால் எடுத்து வெளியில் வீசுவார். எஃகுச் சட்டத்தில் நிற்கும் மற்றொருவர் அதை வாளியில் ஏந்துவார். ஆறுவதற்குள் அது துளையில் செருகப்பட்டு, ஒருவர் பின்புறம் தாங்க மற்றவர் முன்புறம் அடித்துத் தலை அமைப்பார். வீசுபவரின் கை பிசகினால் ஏந்துபவருக்குக் கேடு. அவர்களைப் பிணைக்க வடம் இருக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையே இருந்தது, அதுவும் எப்போதும் போதுமானதாக இருக்கவில்லை. 1930இல் ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்திலிருந்து நீரில் விழுந்த வின்சென்ட் கெல்லி என்னும் தொழிலாளி, சில விலா எலும்புகள் முறிந்த நிலையில் உயிர் தப்பி மீண்டும் வேலைக்குத் திரும்பினார். பாலப் பணியில் பதினாறு பேர் திரும்பவில்லை, வீழ்ந்து இறந்தோரும் அவர்களுள் உண்டு. அவர்கள் அடித்த ஆணித் தலைகளின்மீது இன்று பட்டை அணிந்து நடப்பவரின் கால்கள் நடுங்கும்போது, அவை வடத்தைப் பற்றித் தவறாக எதையும் சொல்லவில்லை. அவை சொல்வது அந்த உயரத்தைப் பற்றி, அதைப் பற்றி அவை சொல்வது முற்றிலும் உண்மை.