பெயரே பழியாகும்போது

ஒவ்வொரு விளையாட்டும் தனக்கென ஒரு சொற்களஞ்சியத்தை வளர்த்துக்கொள்கிறது. அச்சொற்களுள் சில, மனிதரின் பெயர்கள். 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் முதுகைக் கோலுக்குக் காட்டித் தாண்டித் தங்கம் வென்ற டிக் ஃபாஸ்பரியின் பெயரை உயரம் தாண்டுதல் இன்றும் தாங்கி நிற்கிறது. சூட்டியவர்கள் அதைப் புகழ்மாலையாகவே சூட்டினார்கள்.

பெயர் பழியாவதும் உண்டு. 1947 டிசம்பரில் சிட்னியில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில், பந்து வீசப்படுமுன்பே கோட்டைத் தாண்டி முன்னேறிய ஆஸ்திரேலியர் பில் பிரவுனை இந்தியப் பந்துவீச்சாளர் வினூ மன்கட் ரன் அவுட் செய்தார். அதே சுற்றுப்பயணத்தில் முந்தைய ஆட்டமொன்றில் அவரை ஒருமுறை எச்சரித்து, பிறகு அவுட்டாக்கியும் இருந்தார். விதி அதற்கு இடமளித்தது. எதிரணித் தலைவரான பிராட்மனே தம் தன்வரலாற்றில் மன்கட்டின் பக்கம் நின்று எழுதினார். ஆயினும் செய்தித்தாள்கள் அச்செயலுக்கு அவர் பெயரையே இட்டன. நாளடைவில் ‘மன்கட் செய்தல்’ ஒரு வினைச்சொல்லாயிற்று; கேட்பவர் காதில் அது வஞ்சகம் என்றே ஒலித்தது.

யார் இந்த மன்கட்? 1952-இல் சேப்பாக்கத்தில் ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட்டுகளை வீழ்த்தி, இந்தியாவுக்கு அதன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றுத்தந்தவர். அதே சென்னை மாநகரில் 1956-இல் பங்கஜ் ராயுடன் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தவர். அச்சாதனை 52 ஆண்டுகள் நிலைத்தது. இத்தனையும் சாதித்தவரை உலகம் ஒரு கணத்தைக்கொண்டே நினைவில் வைத்தது.

இதிலென்ன பாவம், வழக்கில் உள்ள சொல்லைத்தானே சொல்கிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வர்ணனையாளருக்கு மன்கட்மீது பகையில்லை. பலருக்கு அவர் யாரென்பதே தெரியாது. ஆனால் எட்டாம் கட்டளையை விளக்கும் திருச்சபையின் மறைக்கல்வி, அவதூறோடு நின்றுவிடுவதில்லை. பிறரது உண்மையான குறையையே தக்க காரணமின்றிப் பரப்புவதும் குற்றமென்கிறது. கெடுக்கப்பட்ட நற்பெயருக்கு ஈடுசெய்யும் கடமை மன்னிப்புப் பெற்ற பின்னும் நீங்குவதில்லை என்றும் கற்பிக்கிறது. இங்கோ, குறையென்று சொல்லவே ஒன்றுமில்லை. பழியைப் புனைந்தவர்கள் மறைந்துவிட்டார்கள். சொல்லை மட்டும் நாம் மரபுரிமையாகப் பெற்றிருக்கிறோம். அறியாமல் சொன்னவரை அறியாமை காக்கும். அறிந்தபின்னும் சொல்பவருக்கு அந்தப் புகலிடம் இல்லையென்றே நான் கருதுகிறேன்.

நாமும் இதற்கு விலக்கல்லர். பரங்கிமலையில் இரத்தம் சிந்தியதாக நம் மரபு போற்றும் புனித தோமாவை, உயிர்த்த ஆண்டவர்முன் அவர் செய்த விசுவாச அறிக்கையைக்கொண்டா நினைவுகூர்கிறோம்? நம்ப மறுப்பவரையெல்லாம் ‘சந்தேகத் தோமா’ என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

சொற்களை மாற்றவே முடியாது என்பதும் சாக்குப்போக்கே. இடக்கை மணிக்கட்டுச் சுழற்பந்தைக் குறித்த ‘சைனாமேன்’ என்னும் சொல்லை விஸ்டன் ஆண்டுமலர் 2018-இல் கைவிட்டது. விதிகளைப் பேணும் மெரில்போன் கிரிக்கெட் கழகம் 2022-இல், மன்கட் செய்த அச்செயலை முறையற்ற ஆட்டம் பற்றிய விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட் பற்றிய விதியில் சேர்த்தது. இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 2019-இல், ஜெய்ப்பூரில் தமிழகத்தின் அஸ்வின் பட்லரை அவ்வாறு அவுட்டாக்கியபோது, பிறப்பதற்கு முன்னரே மறைந்துவிட்ட ஒருவரின் பெயரால் அவர் ஏசப்பட்டார். மன்கட் இறந்தது 1978-இல்.

கிரிக்கெட் உலகை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? எங்கள் தெருவில், ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டும் கணக்கில் கொள்ளாத சிறுபிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்போம். ஒருவரும் அச்சொல்லின் பொருளை நினைத்ததில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில், நடக்கவியலாத சிறுவன் ஒருவன் அமர்ந்து எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாங்கள் அதை உரக்கக் கூவுகையில் அவன் முகம் எப்படி இருந்ததென்று இன்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வரவில்லை. அன்று நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை.