பான் ஸ்காட்டின் குரலும் சப்த நித்தியமும்

சப்தம் நித்தியமா, அநித்தியமா என்ற வாதம் நம் தரிசனங்களுக்குள் மிகப் பழமையானது. உண்டாக்கப்பட்டது எதுவோ அது குடத்தைப் போல அழிந்தே தீரும், ஆகையால் ஒலியும் அழிவதே என்பது நையாயிகர் கட்சி. மீமாம்சகர்களோ, ‘பசு’ என்ற சொல்லை ஒருவன் எட்டு முறை உச்சரித்தால் எட்டுச் சொற்கள் பிறந்தன என்று உலகத்தில் எவரும் சொல்வதில்லை, ஒரே சொல்லை எட்டுத் தடவை சொன்னான் என்றே சொல்கிறோம் என்று எடுத்துக்காட்டி, சொல் என்றும் உள்ளது, தொண்டையில் எழும் த்வனி அதை வெளிப்படுத்திவிட்டு மறைகிறது, அவ்வளவே என்று சாதித்தார்கள். ஒலிப்பதிவு என்ற ஒன்றை இரு திறத்தாரும் அறியார்கள். அறிந்திருந்தால் எவர் பக்கம் வலுத்திருக்கும் என்ற கேள்வி, ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஏசி/டிசி என்னும் ஹார்ட் ராக் குழுவின் இசைத்தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் என்னைப் பற்றிக்கொள்கிறது.

கிளாஸ்கோவிலிருந்து சிட்னிக்குக் குடியேறிய யங் குடும்பத்துச் சகோதரர்களான மால்கமும் ஆங்கஸும் 1973-இல் அமைத்த குழு அது. மறுவருஷம் பான் ஸ்காட் பாடகராகச் சேர்ந்தார். 1980 பிப்ரவரி 19 அன்று, முந்தைய இரவின் மிதமிஞ்சிய குடியால், லண்டனில் நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் அவர் உயிர் பிரிந்தது. வயது 33. துக்கம் ஆறுமுன்பே, பிரயன் ஜான்சன் என்ற புதிய பாடகரோடு பஹாமாஸ் தீவுகளுக்குச் சென்று அவர்கள் பதிவு செய்த ‘பேக் இன் பிளாக்’, ஜூலை மாதம் முழுக் கறுப்பு உறையோடு வெளிவந்தது. கறுப்பு, இறந்தவருக்காக அணிந்த துக்கச் சின்னம்.

அத்தட்டு மணியோசையோடு தொடங்குகிறது. இங்கிலாந்தில் லஃப்பரோ நகரத்துப் போர் நினைவுக் கோபுரத்தின் மணியைத்தான் முதலில் பதிவு செய்ய முயன்றார்கள். ஆனால் மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளே குடியிருந்த பறவைகள் படபடத்துப் பறக்க, தேய்ந்துகொண்டே போகும் நாதத்தின் மேல் சிறகோசை வந்து விழுந்தது. கடைசியில், குழுவுக்காகவே வார்க்கப்பட்ட வெண்கல மணியை வார்ப்புச் சாலையிலேயே அடித்துப் பதிவு செய்தார்கள். எனக்கு அந்தப் பறவைகளின் மேல்தான் நினைவு போகிறது. நாதம் என்பது காற்றில் ஒரு கணம் நிகழ்ந்து அடங்கும் காரியம் என்ற நையாயிக வாதத்துக்கு அதைக் காட்டிலும் நல்ல சாட்சி கிடைக்காது.

இனி, விந்தையான பகுதிக்கு வருகிறேன். பான் ஸ்காட் பாடி 1976-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ‘டர்ட்டி டீட்ஸ் டன் டர்ட் சீப்’ என்ற தட்டை அமெரிக்கக் கம்பெனி அப்போது வேண்டாமென்று ஒதுக்கிவிட்டது. புதிய பாடகரின் தட்டு அமோகமாக விற்றதைக் கண்ட பிறகே, 1981-இல், அதை அங்கே வெளியிட்டது. விற்பனை வரிசையில் அது மூன்றாம் இடம் வரை ஏறியது. பாடியவர் மண்ணுக்குப் போய் ஓராண்டு கடந்தபின், அவர் குரல் ஒரு பெரிய தேசத்துக்குப் புதுவரவாகப் போய்ச் சேர்ந்தது. அதோடும் நில்லாமல், ஆஸ்திரேலியாவில் மட்டும் கிடைத்துவந்த அவருடைய வேறு பாட்டுக்கள் 1984-இல் சிறு தட்டாகவும், 1977-இல் ஒரு ஸ்டூடியோவில் நடந்த கச்சேரி 1997-இல் ‘பான்ஃபயர்’ என்ற தொகுப்பிலும் வெளிவந்தன.

இதைக் கண்டு, குரலுக்கு மரணமில்லை, மீமாம்சகர் ஜெயித்தார் என்று சொல்ல மனம் துடிக்கிறது. பிரியமானவர்களை இழந்த எவருக்குத்தான் அந்த ஆசை இல்லை? எனினும் நான் அதற்கு இசையமாட்டேன். எட்டு முறை தட்டைச் சுழலவிட்டால் எட்டு முறையும் அதே மூச்சு, அதே இடத்தில் அதே பிசிறு. உயிரோடிருப்பவர் நாளைக்கு வேறு விதமாகப் பாடிவிடுவார். இந்தக் குரலால் அது முடியாது. மீமாம்சகர் நித்தியம் என்றது இவ்விதம் உறைந்து கிடப்பதை அன்று. புதிய தொண்டை கிடைக்கும்தோறும் மறுபடி வெளிப்படக் கூடியதையே அவர் நித்தியம் என்றார். அப்படிப் பார்த்தால், நாடாவில் தங்கியது பான் ஸ்காட்டின் த்வனி மட்டுமே. அவர் பாட்டுக்களை ஜான்சன் மேடையில் தம் தொண்டையால் பாடும்போது தோன்றுகிறதே, நித்தியத்துக்குச் சற்றேனும் அருகில் இருப்பது அதுதான்.

மால்கம் யங்கின் கதை இந்த எண்ணத்தை எனக்கு உறுதிப்படுத்தியது. அவர் 2017-இல் காலமானார். 2020-இல் வெளிவந்த ‘பவர் அப்’ தட்டிலுள்ள பாட்டுக்கள் அனைத்துக்கும், அவர் விட்டுச்சென்ற ‘ரிஃப்’களை, அதாவது கிதாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு ஸ்வரக் கோவைகளை, ஆங்கஸ் எடுத்தாண்டதால், சகோதரர் இருவர் பெயருமே ஆக்கியோராகக் குறிக்கப்பட்டது. வாசித்தவை அவருடைய விரல்கள் அல்ல. அண்ணன் மகன் ஸ்டீவி யங்கின் விரல்கள். ஆனால் அதற்குப் பல வருஷங்கள் முன்பே, 2008-இல் தொடங்கிய உலக யாத்திரையின்போதே, மறதி நோய் மால்கமைத் தீண்டியிருந்தது. முப்பது வருஷங்களுக்கு மேலாகத் தாம் வாசித்துவந்த, தாமே பிறப்பித்த கோவைகளை, மேடையேறுவதற்காக அவர் மறுபடி ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியிருந்தது. கிதாரை மடியில் வைத்துக்கொண்டு அவர் அப்போது யாரிடமிருந்து கற்றார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.