நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்!

வெண்ணந்தூர்ப் பக்கத்தில் தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களிலிருந்தும் இன்று பிள்ளைகள் பல் மருத்துவம் படிக்கப் போகிறார்கள். வடக்கே சேலத்திலும், மேற்கே திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால் பெண் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே போய் வர முடிகிறது. அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் பெற்றோர் சிலர் அண்மையில் ஒரே விதமான முறையீட்டை என்னிடம் கொண்டு வந்தனர். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை, நீட் தேர்வை முட்டி மோதிக் கடந்த பிள்ளை, மூன்றாம் ஆண்டுக்கு வந்ததும் எதையும் தள்ளிப்போட ஆரம்பித்துவிட்டது. ரெக்கார்டு நோட்டு முடியவில்லை. செய்து காட்ட வேண்டிய சிகிச்சைகளின் எண்ணிக்கை நிறையவில்லை. கேட்டால், "நாளைக்குச் செய்வேன், இன்ஷா அல்லாஹ்" என்ற பதில்தான் வருகிறது. "இந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஏதாவது ஓதிக் கொடுங்கள் ஹஜ்ரத்" என்று ஒரு தாய் கேட்டார்.

சோம்பலிலிருந்து பாதுகாவல் தேடும் துஆவைப் பெருமானார் (ஸல்) அவர்களே கற்றுத் தந்திருக்கிறார்கள், தாராளமாக ஓதலாம். ஆனால் அந்த துஆவைச் சற்று நிதானித்துப் பாருங்கள். அதில் கவலை, இயலாமை, சோம்பல், கோழைத்தனம் ஆகியவை தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. சக்தியே இல்லாதது இயலாமை. சக்தியிருந்தும் மனம் வராதது சோம்பல். மனமிருந்தும் நெஞ்சு பின்வாங்குவது கோழைத்தனம் என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டுவர். நோய் எதுவென்று அறியாமல் மருந்து கொடுப்பது எப்படி? அந்தப் பிள்ளையைப் பீடித்திருப்பது சோம்பலன்று என்பதே எனது எண்ணம். அது அச்சம்.

அச்சத்திற்குக் காரணமும் இல்லாமலில்லை. பல் மருத்துவப் பட்டப் படிப்பு 4 ஆண்டுப் பாடமும் அதன்மேல் 1 ஆண்டுப் பயிற்சியும் கொண்டது. முதலாண்டில் மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல்லின் உருவத்தைச் செய்யக் கற்கிறார்கள். இரண்டாமாண்டில் பொம்மைத் தலையில் பொருத்திய பற்களைக் குடைந்து அடைக்கப் பழகுகிறார்கள். மெழுகு உடைந்தால் வேறு மெழுகு இருக்கிறது. மூன்றாமாண்டில் நாற்காலியில் உட்காருவதோ உயிருள்ள மனிதர்! அவர் மயக்கத்திலும் இல்லை. விழித்திருந்து மாணவரின் கண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழ்த் தாடைக் கடைவாய்ப் பல்லை மரத்துப்போகச் செய்யும் ஊசி, நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தருகே செலுத்தப்படுவது. அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. விரலால் எலும்பைத் தடவித்தான் கணிக்க வேண்டும். பல்லின் மேலுறையான எனாமலை ஒருமுறை குடைந்துவிட்டால் அது மறுபடி வளராது. இருபது வயதுக் கை இங்கே நடுங்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இந்த நடுக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பிறர் உடல் நம்மிடம் அமானிதம் என்ற உணர்வு அதற்குள் இருக்கிறது. மருத்துவம் அறிந்தவரென்று அறியப்படாமல் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறதன்றோ! துணிச்சல் மட்டும் போதுமென்றால் சந்தையில் பல் பிடுங்குகிறவனிடமும் அது இருக்கிறது. ஆகவே, "பயப்படாதே, துணிந்து செய்" என்று சொல்லி அனுப்புவது சரியான அறிவுரையாகாது. "தைரியம் வரட்டும், பிறகு செய்கிறேன்" என்று பிள்ளை போடும் கணக்கில்தான் பிழை இருக்கிறது.

அரபியில் 'ஸவ்ஃப' என்று ஓர் இடைச்சொல் உண்டு. வினைச்சொல்லின் முன்னால் வந்து 'இனிமேல்' என்ற பொருளைத் தரும். 'ஸீன்' வந்தால் அண்மைக் காலம், 'ஸவ்ஃப' வந்தால் சற்றுத் தொலைவு என்று மதரஸாவில் நஹ்வு ஓதும் சிறுவனும் சொல்லுவான். (இலக்கண இமாம்கள் எல்லாரும் இதில் ஒத்துப்போகவில்லை என்பது வேறு விஷயம்.) அந்தச் சொல்லிலிருந்தே தள்ளிப்போடுதலுக்கு 'தஸ்வீஃப்' என்ற பெயர் பிறந்தது. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தௌபாவைத் தள்ளிப்போடுகிறவனுக்கு ஓர் உவமை கூறுகிறார்கள். ஒருவன் ஒரு மரத்தைப் பிடுங்கப் போய், அது உறுதியாக இருப்பதைக் கண்டு அடுத்த ஆண்டு வருகிறேன் என்று திரும்பிவிடுகிறானாம். நாளாக ஆக மரம் வேரோடும், இவன் தளர்ந்து போவான் என்பது அவனுக்கே தெரியும்!

பல் படிப்பவருக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. எனாமலில் தொடங்கும் சொத்தை அடுத்த அடுக்கில் இறங்கி, பின் நரம்பும் இரத்தமும் உள்ள கூழ்ப்பகுதியைத் தொடுகிறது. முதலில் அடைத்தாலே போதும். பிறகு வேர் சிகிச்சை. அதற்கும் பிறகு பல்லையே எடுக்க வேண்டியதுதான். தறியை நிறுத்தி ஒரு நாள் கூலியை விட்டு வந்த ஒரு பெண்ணிடம், ஏதோ ஒரு காரணம் சொல்லி "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று மாணவர் அனுப்பிவிட்டால், இவருடைய அச்சத்திற்கான விலையை அவர் கொடுக்கிறார். தள்ளிப்போடுதல் தனக்கும் தன் ரெக்கார்டு நோட்டுக்கும் மட்டுமான விவகாரமன்று. அதில் அடியார்களின் ஹக்கு சேர்ந்திருக்கிறது.

இனி 'இன்ஷா அல்லாஹ்' என்ற சொல்லுக்கு வருவோம். நாளைக்கு இதைச் செய்வேன் என்று அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்க்காமல் சொல்லலாகாது என்ற கட்டளை சூரத்துல் கஹ்ஃபில், 23, 24ஆம் வசனங்களில் இருக்கிறது. செய்வது என்று உறுதி கொண்டவருக்கு அந்த உறுதியின்மேல் வைக்கச் சொன்ன முத்திரை அது. நாமோ, "மாட்டேன்" என்பதை நாகரிகமாகச் சொல்ல அதைப் பயன்படுத்துகிறோம். கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டு வராமலிருக்க உத்தேசித்திருப்பவரும் இன்ஷா அல்லாஹ் என்கிறார்! பிள்ளைகள் எங்கே கற்றார்கள் என்று தேடி அலைய வேண்டாம்.

தன்னம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. அல்லாஹ்வை நம்ப வேண்டியவன் தன்னை நம்பலாமா என்பர். இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தம்மைக் களஞ்சியங்களுக்கு அதிகாரியாக்கும்படி எகிப்து மன்னரிடம் கேட்ட யூஸுஃப் (அலை) அவர்கள், தாம் பேணிக் காக்கத் தெரிந்தவர், அறிந்தவர் என்று தாமே சொன்னார்கள். ரப்பு கொடுத்த திறனை அறிந்து சொல்வது பெருமையாகாது.

ஆனால் எல்லாருக்கும் அந்த நிலை முதலிலேயே வாய்ப்பதில்லை. மூஸா (அலை) அவர்களைப் பாருங்கள். ஃபிர்அவ்னிடம் போகும்படி உத்தரவு வந்தபோது நெஞ்சு இறுகுவதையும், நாவு சரளமாக இல்லாததையும், கொல்லப்படுவோமோ என்ற பயத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. நெஞ்சை விரிவாக்கக் கேட்டார்கள், நாவின் முடிச்சை அவிழ்க்கக் கேட்டார்கள், துணைக்கு ஹாரூன் (அலை) அவர்களைக் கேட்டார்கள். நாள் தள்ளித் தரும்படி மட்டும் கேட்கவில்லை. பயத்தோடேயே போனார்கள். ஆலு இம்ரான் சூராவின் 159ஆம் வசனத்திலும் முதலில் கலந்தாலோசனை, அடுத்து உறுதி கொள்ளல், அதன் பிறகே தவக்குல் என்ற வரிசையைக் காண்கிறோம். உள்ளம் அமைதியடைந்த பிறகு உறுதி கொள் என்று அங்கே இல்லை.

மனநூலாரும் ஏறக்குறைய இந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கின்றனர். ஆல்பர்ட் பண்டூரா என்ற அமெரிக்க அறிஞர் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். பிறர் செய்வதைப் பார்ப்பதாலும், பிறர் ஊக்குவிப்பதாலும் அது ஓரளவு வரும். தானே செய்து முடித்த அனுபவத்திலிருந்துதான் மிகுதியாக வரும் என்றார். செய்யாமல் காத்திருப்பவர், வராத ஒன்றை வாசலில் உட்கார்ந்து எதிர்பார்க்கிறார்.

இத்துறை இந்நாட்டில் தொடங்கிய வரலாற்றையும் நம் வீடுகளில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்ற டாக்டர் ரஃபீயுத்தீன் அஹ்மத் 1919இல் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1920இல், கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். பல் மருத்துவர் சட்டம் வந்ததே 1948இல்தான். காலம் கனியட்டும் என்று அவர் இருந்திருந்தால் எவ்வளவு காலம் இருந்திருக்க வேண்டும்! 1949இல் அக்கல்லூரியை அரசிடம் ஒப்படைத்தார். அது இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

பயப்படும் மாணவர் என்னதான் செய்வது? மூஸா (அலை) அவர்கள் துணை கேட்டதுபோல் கேட்க வேண்டும். "சார், எனக்குக் கை நடுங்குகிறது, இந்த ஒரு ஊசிக்கு மட்டும் பக்கத்தில் நில்லுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்ல முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக் கொள்ளாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருப்பதை நம் பெண் பிள்ளைகள் நினைவில் வைக்கட்டும். பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டிய ஃபீஸையும் அடகு வைத்த நகையையும் சாப்பாட்டு வேளையில் எண்ணிக் காட்டாதீர்கள். பயந்திருக்கும் பிள்ளைமேல் கடனையும் ஏற்றினால் அது இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும்.

இன்னொரு விஷயமும் என் காதுக்கு வந்தது. நோயாளிக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு, அன்று காலையில் போகலாமா வேண்டாமா என்று இஸ்திகாரா தொழுகிறார்களாம். ஆகுமான இரண்டு காரியங்களில் எதைத் தேர்வது என்று தெரியாதபோது தொழுவது இஸ்திகாரா. வாக்குக் கொடுத்து ஒருவரை வரவழைத்த பிறகு அங்கே தேர்வதற்கு என்ன இருக்கிறது? அந்த இரண்டு ரக்அத்தை ஹாஜத் தொழுகையாகத் தொழுது, மூஸா (அலை) அவர்கள் கேட்டதையே கேட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பலாம்.