சாவடிக்காரரின் கூலி

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் கோலியனூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் செவிலியர் படிப்பைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. கூட்டுரோட்டில் ஏறினால் கிழக்கே புதுவையில் ஜிப்மரும் க்ளூனி கன்னியரின் மருத்துவமனையும் இருக்கின்றன. விழுப்புரத்தைக் கடந்து திண்டிவனம் செல்லும் சாலையில் முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி, 2010இல் தொடங்கியது, இருக்கிறது. அன்றாடம் கண்ணில் படும் பணியின்மீது பெண்பிள்ளைகளுக்கு ஆசை எழுவது இயல்பே. ஆனால் பொறியியல் படிக்கப் போகும் பையனிடம் எவரும் கேட்காத கேள்வியை இந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்கிறோம்: "சேவைக்காகப் போகிறாயா, சம்பளத்துக்காகப் போகிறாயா?" உபதேசியார் கேட்கிறார், அருட்சகோதரி கேட்கிறார், பங்குத்தந்தையரான நாமும் கேட்கிறோம். சேவை என்றால் அவள் பிறகு ஊதியத்தைப் பற்றி வாய் திறக்க இயலாது. சம்பளம் என்றால் அழைத்தல் அற்றவள் என்றாகிவிடும். இக்கேள்வி நேர்மையானதுதானா?

அழைத்தல் என்றதும் உள்ளத்தின் ஆழத்தில் ஒலிக்கும் இனிய குரல் ஒன்றையே நாம் எண்ணிக்கொள்கிறோம். நம் பக்கத்துத் திண்டிவனத்தில் அது கதவு தட்டும் ஓசையாக வந்தது. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்துப் பெண். இந்தியாவில் மறைப்பணியாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனத்திற்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்க வருமாறு அவரை வேண்டினர். மருத்துவரான அவர் தந்தையை வீட்டுப் பெண்களைத் தொட அனுமதிக்க அவர்கள் மரபு இடந்தரவில்லை. மகளுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, வேலூருக்குத் திரும்பிய அவர், தாம் ஒருவரே எத்தனை வீடுகளுக்குச் செல்ல இயலும் என்று உணர்ந்தார் போலும். 1909இல் அங்கே செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1946இல் அது பட்டப்படிப்பாகவும் வளர்ந்தது.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று தட்டப்பட்டது நம் கன்னியர் மடம் ஒன்றின் கதவாயிருந்தால் என்ன நடந்திருக்கும்? துறவியர் பேறுகால மருத்துவத்தில் ஈடுபடுவதை அக்காலத் திருச்சபை ஒழுங்கு தடுத்திருந்தது. இராவல்பிண்டியில் பணியாற்றி, பெண்கள் மருத்துவமின்றி மடிவதைக் கண்ட ஆஸ்திரிய மருத்துவர் அன்னா தெங்கல் 1925இல் மருத்துவ மறைப்பணிக்கெனவே ஒரு சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936இல்தான் உரோமை அந்தத் தடையை விலக்கியது. பிறருடைய தேவை அழைத்தலாக வரும் என்பதை நம் திருச்சபையும் காலந்தாழ்த்தியே கற்றுக்கொண்டது.

இனி, சம்பளத்துக்கு வருவோம். நல்ல சமாரியரின் உவமையை எத்தனை முறை மறையுரையில் கேட்டிருக்கிறோம்! நாம் பெரும்பாலும் கவனியாது விட்டுவிடும் ஒருவர் அதில் உண்டு: சாவடிக்காரர். சமாரியர் காயங்களைக் கட்டிச் சாவடியில் சேர்த்து, ஓர் இரவு உடனிருந்துவிட்டு, மறுநாள் தம் வழியே சென்றுவிட்டார். எஞ்சிய நாள்களில் அந்தக் காயங்களைக் கழுவியவர், கஞ்சி புகட்டியவர், புரட்டிப் படுக்கவைத்தவர் யார்? இரண்டு தெனாரியங்களைக் கூலியாகப் பெற்ற அந்தச் சாவடிக்காரரே. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்பதைத் திராட்சைத் தோட்ட உவமையால் அறிகிறோம். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சமாரியர் வாக்களித்தார். சேவைதானே, பாதிக் கூலி போதாதா என்று அவர் பேரம் பேசவில்லை. சாவடிக்காரர் கூலி வாங்கியதை ஆண்டவரும் குறை கூறவில்லை. வேலையாள் தம் கூலிக்கு உரிமையுடையவர் என்னும் சொல்லும் லூக்காவின் அதே பத்தாம் அதிகாரத்தில்தான் இருக்கிறது.

கூலி பெறுவதால் அன்பு குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் 2018ஆம் ஆண்டு மே மாதத்தை நினைவுகூர்வாராக. கேரளத்தின் பேராம்பிரா அரசு மருத்துவமனையில் நிப்பா நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி, அந்நோய்க்கே பலியானார். அவரும் மாதச் சம்பளம் பெற்றவர்தாம். அவர் செய்ததை எந்தச் சம்பளக் கணக்கில் எழுதுவது?

ஆகவே கேள்வி கேட்கப்பட வேண்டியவர் அந்தப் பெண் அல்லர். அவளை வேலைக்கு அமர்த்துவோரே. 2016இல் உச்ச நீதிமன்றம் பணித்தபடி அமைந்த வல்லுநர் குழு, 50 படுக்கைகளுக்கும் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியரின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கும் இடங்கள் பல. சிலுவை பொறித்த வாயில்களுக்குள்ளும் தியாகம் என்ற சொல் சம்பளப் பட்டியலைச் சுருக்கப் பயன்படுமானால், அறுவடை செய்தோரின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடும் என்று எழுதிய யாக்கோபின் திருமுகத்தை அங்கே வாசிப்பது நல்லது.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகளைச் செவிலியர் படிப்பில் சேர்த்தால் வெளிநாடு போவாள், வீட்டுக் கடன் அடையும் என்ற கணக்கில் பாவம் இல்லை. குடும்பத்தைத் தாங்குவதும் அன்பே. ஆனால் அந்தக் கணக்கை அவளைக் கேளாமலே போட்டு, நிலத்தை அடகு வைத்துவிட்டால், பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையும் அவளுக்கு அற்றுப்போகிறது. வளைகுடாவுக்குப் போக ஆசைப்படுவோரே, இரவுப் பணி பார்க்கும் பெண்ணை யார் கட்டுவார் என்றும் கவலைப்படுவது விந்தைதான். பெற்ற தாயை நற்றாய் என்றும், பெறாமலே வளர்த்த தாயைச் செவிலி என்றும் நம் சங்க இலக்கியம் இரண்டு தாய்மாராக வைத்துப் போற்றியது. அந்தப் பெயரைச் சூடிய பணிக்குத் திருமணச் சந்தையில் மதிப்புக் குறைவு!

நாம் சொல்லக்கூடியது எளிய வழி ஒன்றுதான். உறவில் யாரேனும் அரசு மருத்துவமனையில் படுத்திருந்தால், மகள் ஒரு வாரம் துணைக்கு இருந்து பார்க்கட்டும். படுக்கைப்புண்ணின் வாடையையும், நள்ளிரவில் நாற்பது பேருக்கு ஒருவராய் ஓடும் செவிலியரின் கால்களையும், நோயாளியின் வீட்டார் பேசும் ஏச்சையும் அவளே காணட்டும். வேண்டாம் என்றால், அவள் இறைவனை மறுத்துவிட்டாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். வேறு படிப்புகள் உண்டு. போகிறேன் என்றால், அந்தக் கல்லூரிக்கு மாநிலச் செவிலியர் மன்றத்தின் ஏற்பு உண்டா என்று முதலில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.